சிபாயாக் எரிமலையில் ஒரு நாள்: உச்சிக்கு முன்னால் நின்றுபோன பயணம்!

“மலை ஏறப் போறோம்மா” என்று மட்டும்தான் அம்மாவிடம் சொன்னேன். அது எரிமலை என்று சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார். அதற்குக் காரணமும் நான்தான். 2023 டிசம்பர் 3-ம் தேதி, இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் இருக்கும் மராபி எரிமலை திடீரென வெடித்தது. அப்போது மலையில் சுமார் 75 பேர் இருந்தார்கள். டிஜிட்டல் டெஸ்க்கில் அந்தச் செய்தியை எழுதியது நான். மறுநாள் 11 பேர் என்று வந்த பலி எண்ணிக்கை, அடுத்தடுத்த நாள்களில் ஏறிக்கொண்டே போய் 24-ல் நின்றது. ஒவ்வொரு முறையும் தலைப்பில் எண்ணை மட்டும் மாற்றினேன். அவசரத்தில், ஜாவாவில் இருக்கும் மெராபி எரிமலையின் படத்தை வேறு வைத்துவிட்டேன். ஒரு வாசகர் கமென்ட்டில் சுட்டிக்காட்டிய பிறகே திருத்தினேன். அம்மா அந்தச் செய்தியை எனக்கே ஃபார்வேர்டு செய்து, “பாவம்டி, எல்லாம் உன் வயசுப் பிள்ளைங்க” என்று எழுதியிருந்தார்.

அதே சுமத்ரா தீவில் இருக்கும் இன்னோர் எரிமலைக்குத்தான் சென்ற ஆண்டு போனேன். பெயர் சிபாயாக். சுமார் 2,200 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவுதான். கடைசியாக வெடித்ததாகப் பதிவாகியிருப்பது 1881-ல். ஆனால், இன்றும் அதன் பள்ளத்தில் பாறை இடுக்குகளிலிருந்து கந்தகப் புகை சீறிக்கொண்டே இருக்கிறது. மலையடிவாரத்தில் அதன் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க நிலையமும் அமைத்திருக்கிறார்கள்.

என் கல்லூரித் தோழி பினாங்கில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு அவள் தம்பியும் வந்திருந்தான். பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. “மூணு பேரும் போயிட்டு வந்துடலாம்டி” என்றாள். தோழிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. “இன்ஹேலர் இருக்கு, பயப்படாதே” என்றும் அவளே சொல்லிவிட்டாள்.

செம்பிரிங் பாண்டியா!

மேடானிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் பெராஸ்தாகி. கேரட், முட்டைகோஸ் வயல்கள், ஆரஞ்சுப் பழக் கடைகள், காலைப் பனி என்று ஊட்டியின் தங்கை மாதிரி இருக்கும் ஊர். காரோ இன மக்களின் பூமி அது.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவருக்கு 45 வயது இருக்கும். ‘பாங்’ என்று கூப்பிடச் சொன்னார். அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். எங்கள் ஊரைக் கேட்டதும் சிரித்தார். “நான் செம்பிரிங். அதிலும் பாண்டியா” என்றார்.

காரோ மக்களிடம் ஐந்து பெரிய குலங்கள். அவற்றில் ஒன்று செம்பிரிங். ‘பிரிங்’ என்றால் அவர்கள் மொழியில் கறுப்பு. அதன் உட்பிரிவுகளின் பெயர்களைக் கேளுங்கள்... சோலியா, பாண்டியா, மெலியாலா, பிராமானா. சோழ, பாண்டிய, மலையாளத் தொடர்புதான் இந்தப் பெயர்களுக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இதே தீவின் மேற்குக் கரையில், பாருஸ் அருகே லோபு துவாவில், 1088-ம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நம் வணிகர்கள் வெட்டி வைத்தது.

“அப்போ நீங்க எங்க சொந்தக்காரர் பாங்!” என்றான் தம்பி. அவர் அவன் முதுகில் தட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். நடக்கும் முன் மூன்று விஷயங்கள் சொன்னார். புகை எந்தப் பக்கம் போகிறதோ, அதற்கு எதிர்ப் பக்கம்தான் நிற்க வேண்டும். பள்ளமான இடத்தில் உட்காரக் கூடாது. கனமான வாயு அங்கேதான் தங்கும். மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருக்கும் தரையில் கால் வைக்கக் கூடாது, கீழே கொதிக்கும்.

நாங்கள் மூவரும் தலையாட்டினோம். நான் அதையும் வீடியோ எடுத்தேன்.

கைகளால் நடந்த பாதை

நுழைவிடத்தில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். முதலில் தார்ச் சாலை. இரண்டு பக்கமும் மரங்களில் பாசி தொங்கியது. பிறகு உடைந்த படிகள். அதற்கும் மேலே வெறும் பாறை. இரண்டு கைகளாலும் பிடித்துத் தொற்றித்தான் ஏற வேண்டும். பிடிக்கிற கல் சில சமயம் கையோடு வந்துவிடும். “மூணு இடத்துல பிடிப்பு இருந்தாத்தான் நாலாவதை நகர்த்தணும்” என்று பாங் சொல்லிக்கொடுத்தார். தோழிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால், தன் சின்னப் பையை என்னிடம் கொடுத்தாள். அதில்தான் இன்ஹேலர்.

வாசனை முதலில் வந்தது. அழுகிய முட்டை நாற்றம். பிறகு சத்தம். வெயிட் போடாத குக்கர் நிற்காமல் சீறுவது மாதிரி. கடைசியாகத்தான் அந்தக் காட்சி தெரிந்தது. சாம்பல் நிறப் பாறைச் சுவர்கள், அவற்றின் ஓட்டைகளைச் சுற்றி மஞ்சள் பூசியதுபோல் கந்தகம், நடுவே வெள்ளைப் புகை. பள்ளத்தின் தரையில் வெள்ளைக் கற்களை அடுக்கிப் பலரும் தங்கள் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள்.

இந்த நெருப்பு எப்படி வந்தது? இந்தியப் பெருங்கடலின் தரைத்தட்டு சுமத்ராவுக்கு அடியில் மெதுவாகச் செருகிக்கொண்டிருக்கிறது. ஆழத்துக்குப் போகப் போக, அதிலிருக்கும் நீர் வெளியேறி மேலே இருக்கும் பாறையை உருக வைக்கிறது. அந்தக் குழம்புதான் எரிமலைகளாக மேலே வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று இந்தச் செருகல் கோட்டின் ஒரு பகுதி உடைந்ததில் எழுந்த அலைதான் நாகப்பட்டினம் வரை வந்தது. அந்தப் புகையைப் பார்த்தபோது, அது எனக்குத் தூரத்து நாட்டு விஷயமாகத் தோன்றவில்லை.

ஆனால், தோன்றியது ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடம் எனக்கு ரீல்ஸ் ஞாபகம் வந்துவிட்டது.

காற்று மாறியது

ஒரு புகைத்துளைக்குக் கொஞ்சம் தள்ளி நல்ல ஆங்கிள் கிடைத்தது. பை இடைஞ்சலாக இருந்ததால் ஒரு பாறைமேல் வைத்துவிட்டு, இன்னும் மேலே ஏறிப் படம் எடுத்தேன். பாங் ஏதோ கத்தினார். சத்தத்தில் புரியவில்லை.

திரும்பிப் பார்த்தபோது காற்று மாறியிருந்தது. புகை என் கீழே இருந்த பாறைகளை மூடிக்கொண்டிருந்தது. தொண்டையில் மிளகாய்ப் பொடியைக் கொட்டியதுபோல் எரிந்தது. பாங் என் கையைப் பிடித்து மறுபக்கம் இழுத்தார். அங்கே தம்பி, “அக்கா, அவளுக்கு முடியலை! பை எங்கே?” என்றான்.

தோழி ஒரு பாறையில் கையூன்றிக் குனிந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் விசிலாக வந்தது. என்னைப் பார்த்து, பேச முடியாமல், வாயருகே விரலைக் கொண்டுபோய்க் காட்டினாள். இன்ஹேலர்.

பை, புகைக்குள் இருந்தது.

நான் ஓடப் பார்த்தேன். பாங் என் மணிக்கட்டை விடவில்லை. “ஒருத்தருக்கு மூச்சு முட்டுறது போதும்” என்றார். தோழியைக் காற்று வரும் பக்கம் நிமிர்த்தி உட்கார வைத்தார். அவள் கையைத் தம்பியின் கையில் கொடுத்தார். பிறகு எழுந்து நின்று புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கந்தகப் புகை ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயைச் சட்டென்று சுருக்கிவிடும் என்று படித்திருக்கிறேன். படித்தது எல்லாம் அப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. மணியைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. நாலைந்து நிமிடம்தான் இருக்கும். அவ்வளவு நீளமான நாலைந்து நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

புகை விலகியதும், ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு போய்ப் பையை எடுத்து வந்தார். இரண்டு முறை இன்ஹேலரை அழுத்தினாள். கால் மணி நேரத்தில் விசில் சத்தம் குறைந்தது. முதலில் அவள் சொன்னது, “வீடியோ நல்லா வந்துச்சா?” கிண்டலாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

எதிரே நின்ற சினாபுங்

உச்சிக்கு இன்னும் ஒரு பாறை ஏற்றம்தான் பாக்கி. “நீங்க போயிட்டு வாங்க” என்றாள் தோழி. யாரும் போகவில்லை.

அங்கிருந்தே எதிரே இன்னொரு மலை தெரிந்தது. சினாபுங். சுமார் 400 ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு 2010-ல் விழித்த எரிமலை. 2014 பிப்ரவரி 1 அன்று, கொதிக்கும் சாம்பலும் வாயுவும் வெள்ளம்போல் இறங்கியதில் பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள். அடிவாரத்து ஊர்கள் சிலவற்றை நிரந்தரமாகவே காலி செய்து, சியோசர் என்ற இடத்தில் புதுக் குடியிருப்பு கட்டிக்கொடுத்தது அரசு.

“என் மனைவியோட ஊர் அந்தப் பக்கம்தான். இப்போ சியோசர்ல இருக்காங்க” என்றார் பாங். “அன்னிக்கு இறந்தவங்கள்ல வேடிக்கை பார்க்கப் போனவங்களும் உண்டு. படம் எடுக்கப் போனவங்களும் உண்டு.”

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மலையைப் பார்த்துத்தான் சொன்னார். நான் போனைப் பையில் வைத்தேன்.

இறங்கும்போது தோழியின் பையை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அடிவாரம் வரை கழற்றவில்லை.

எரிமலைக்கே போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போகலாம். ஆனால், போகும் முன் ‘மாக்மா இந்தோனேசியா’ என்ற அரசுத் தளத்தில் அந்த மலையின் எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். மொத்தம் நான்கு நிலைகள். மராபி வெடித்தபோது அது இரண்டாம் நிலையில்தான் இருந்தது. பள்ளத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்ற அறிவுறுத்தலும் இருந்தது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மருந்தை உங்கள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். என்னை மாதிரி ஆளிடம் கொடுக்காதீர்கள்.

அன்று இரவு, தலைமுடியில் கந்தக வாடை போகாமலேயே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். எரிமலை என்பதையும் சேர்த்து. திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பிறகு, “போனை அந்தப் பொண்ணுகிட்ட கொடு. மூச்சு எப்படி இருக்குன்னு நானே கேட்கிறேன்” என்றார்.