பொய்த் தாமரை

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் சுசீந்திரம் கோபுரம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அடுத்த தடவை நீங்கள் போகும்போது, கும்பிட்ட கையோடு குளத்துப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள்.

சுசீந்திரமும், கவிமணி பிறந்த தேரூரும் குளங்களுக்குப் பேர் போனவை. பனிக்காலத்தில் எங்கெங்கிருந்தோ பறவைகள் இங்கே விருந்துக்கு வருகின்றன. அதனால்தான் 2022-ல் இந்தக் குளங்கள் ராம்சார் என்ற சர்வதேசப் பட்டியலில் இடம் பெற்றன.

பறவை பார்க்கத்தான் நானும் போனேன். வழியில் ஒரு குளம். தண்ணீரே தெரியவில்லை, பச்சைப் பாய் விரித்து ஊதாப் பூக்களைத் தூவினாற்போல் இருந்தது. இடுப்பளவு நீரில் நின்று, காலேஜ் மாணவர்கள் சிலர் அந்தப் பாயைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அடாடா, இவ்வளவு அழகான பூவையா பிடுங்குகிறார்கள்?" என்றேன்.

கரையில் நின்ற ஆச்சி சிரித்தார். "பூவைப் பாத்து ஏமாறாதீங்க மக்களே! இது குளத்தையே தின்னுப்புடும்."

உண்மைதான். தண்டு வெங்காயம் போல் உப்பியிருப்பதால் இதற்கு வெங்காயத் தாமரை என்று பெயர். தாமரைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பிறந்த வீடு தென் அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அலங்காரச் செடியாக நம் நாட்டுக்கு வந்த விருந்தாளி, வீட்டையே பிடித்துக்கொண்டது! இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். வெயில் உள்ளே புகாது. மீன் மூச்சு முட்டும். மடை அடைபட்டால் வயலுக்கு நீர் பாயாது.

பிடுங்கியதைக் கரையோரம் போட்டால் மழையில் மறுபடி குளத்துக்கே போய்விடும். ஆகவே தூரத்தில் குவித்துக் காயவைத்து உரமாக்குகிறார்கள்.

"திரும்ப முளைக்காதா?" என்று ஒரு மாணவியைக் கேட்டேன். கையெல்லாம் சேறு.

"முளைக்கும், அக்கா. விதை சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். நாங்களும் திரும்ப வருவோம்."

அவர்கள் வெளுத்துவிட்ட இடத்தில் ஒரு முக்குளிப்பான் 'குபுக்'கென்று மூழ்கி, மீனோடு எழுந்தது. எல்லோரும் கை தட்டினோம்.

சகோதரிகளே, இந்தச் செடிக்குச் சோறு போடுவது யார் தெரியுமா? குளத்தில் வந்து கலக்கும் சாக்கடைதான். நம் வீட்டுக் கழிவு நீர் எங்கே போய்ச் சேருகிறதென்று ஒரு நாள் விசாரியுங்கள். நாளைக்கும் குப்பை விழும் என்பதற்காக இன்று வாசல் பெருக்காமல் இருக்கிறோமா? குளமும் ஊருக்கு வாசல்தான்.