அரை என்னும் சொல்

கணிதத்தில் அரை என்பது ஐயத்துக்கு இடமற்ற ஓர் அளவு. ஒன்றை இரு சமகூறாக்கினால் அவற்றுள் ஒன்று அரை. அதற்கு மேலுமில்லை, கீழுமில்லை. ஆனால், மக்கள் நாவில் வழங்கும் அரை இத்துணை ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. 'பெரிய பாதி எனக்கு, சின்னப் பாதி உனக்கு' என்று பனங்கட்டியைப் பங்கிடும் சிறுவன் கணிதத்தைப் பிழைபடுத்துகிறானேயொழியத் தமிழைப் பிழைபடுத்துகிறானில்லை. ஆங்கிலேயனும் தன் மனைவியைத் தனது 'மேலான பாதி' என்கிறான். இரு பாதிகளுள் ஒன்று மற்றையதிலும் மேலாக இருப்பது எங்ஙனம் என்று அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று வேடிக்கையாக வழங்கும் அத்தொடர், 1590ஆம் ஆண்டில் அச்சேறிய சேர் பிலிப் சிட்னியின் 'ஆர்க்கேடியா'வில், உயிர் பிரியுந் தறுவாயில் ஒருவன் தன் மனைவியை விளிக்கும் விளியாக வருகிறது. அங்கே வேடிக்கை எதுவுமில்லை.

அரையைக் கொண்டமைந்த மரபுத்தொடர்கள் ஆங்கிலத்தில் மிகப் பல. அவற்றைக் கற்கப் புகும் தமிழ் மாணவன் அச்சொல்லின் பொருளை அளவிலே தேடுவதனாலேயே பெரிதும் இடர்ப்படுகிறான். சொல்லின் பழைய வரலாறு வேறொரு திசையைக் காட்டுகிறது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பக்கம் என்ற பொருளும் இருந்தது. ஒருவர் சார்பில் என்பதைக் குறிக்க இன்று வழங்கும் 'பிஹாஃப்' என்ற சொல், அவர் பக்கத்தில் எனப் பொருள்பட்ட பழந்தொடரிலிருந்து வந்ததே. தமிழிலும் இதற்கு நிகருண்டு. பாதி, பால் ஆகிய இரண்டையும் பகு என்னும் அடியோடு தொடர்புடையனவாக அறிஞர் கொள்வர். பால் என்பது கூற்றையுங் குறிக்கும், பக்கத்தையுங் குறிக்கும். ஆண்பால் பெண்பால் என்ற பகுப்பும், அவர்பால் அன்பு என்னும்போது தோன்றும் திசையும் அவ்வொரு சொல்லிலேயே அடங்கி நிற்கின்றன. அரை என்பதோ உடலின் நடுவாகிய இடையையுங் குறிக்கும்; குழந்தைக்குக் கட்டும் அரைஞாண் அரைவாசி நாண் அன்று. இரு மொழிகளிலும் இச்சொல் எவ்வளவு என்ற வினாவுக்கு மாத்திரமன்றி, எந்தப் பக்கம் என்ற வினாவுக்கும் விடையாக நிற்கிறது. இதனை மறந்தால் வருந் துன்பம் சிறிதன்று.

வடபகுதிக் கிராமமொன்றில் தமிழ்மொழி மூலம் பயின்று, அறுபதுகளின் பிற்பகுதியிற் பல்கலைக்கழகமொன்றிற் காலடி வைத்த மாணவன் ஒருவனுக்கு இது அனுபவமாகவே வாய்த்தது. ஊரிலுள்ள தோட்டக் காணியை ஈடுவைத்து அவனை அனுப்பியிருந்தார் தகப்பனார். ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுக்க வேண்டுமென்பது அவனது சொந்த ஆசை. முதற் கட்டுரையை மூன்று இரவு விழித்து எழுதினான். திரும்பி வந்தபோது அதன் கடைசிப் பக்கத்திற் புள்ளி எதுவுமில்லை. சிவப்பு மையில் 'நொட் ஹாஃப் பாட்' என மூன்று சொற்கள் மட்டுமே இருந்தன. அவன் அவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தான். 'அரைவாசி கெட்டதன்று' என வந்தது. அரைவாசி கெட்டதன்று எனின் முழுவதுங் கெட்டது என்பதே அதன் பொருளாதல் வேண்டும். அளவை நூலின்படி நோக்கினால் அவனது முடிபிற் குறைகாண இயலாது.

மறுநாளே பாடத்தை மாற்றுவதற்கான படிவத்தைப் பெற்றுவந்து நிரப்பினான். அதனைக் கையளிக்கக் குறித்திருந்த காலையில், விடுதியில் அவனோடு ஓரறையில் இருந்த மூத்த மாணவர் மேசையிற் கிடந்த கட்டுரையை எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த மனுசன் இப்படி ஒருத்தருக்கும் எழுதினதை நான் காணயில்லை. கொண்டாட வேண்டிய நேரத்திலை ஏன் இந்த முகம்?" என்றார். படிவம் அங்கேயே கிழிந்தது. பாராட்டைத் திட்டென எண்ணி ஒருவன் தன் வாழ்க்கையின் போக்கையே மாற்றிக்கொள்ள இருந்தான். இடையில் நின்றது ஓர் 'அரை'.

ஆங்கிலேயர் ஒன்றைப் புகழ விரும்பும்போது அதன் குறையை மறுப்பதோடு அமைந்துவிடுவது வழக்கம். 'அரைவாசிகூடக் கெட்டதன்று' என்றால் மிக நன்று. பேச்சுவழக்கில் 'அரைவாசியாக மழை பெய்யவில்லை' என்றால் வெள்ளம் பெருகிற்றென்று கொள்ளவேண்டும். இத்தோடு நின்றாலும் மாணவன் தப்பிவிடுவான். 'இது அதன் அரைவாசி அளவுக்குக்கூட நன்றாயில்லை' என ஒப்பிட்டுரைக்கும்போது அதே எதிர்மறை தன் நேர்ப்பொருளையே தந்து, இகழ்ச்சியாகி விடுகிறது. எழுத்திற் காணப்படும் சொற்கள் ஒன்றாயிருக்க, புகழும் இகழும் பக்கம் மாறுகின்றன. இலக்கணம் இதற்கு உதவப் போவதில்லை, காதே உதவவேண்டும்.

அவன் பின்னாளில் ஆங்கில ஆசிரியரானான். அரை வருந் தொடர்களையெல்லாம் ஓர் அப்பியாசக் கொப்பியிற் குறித்து வைப்பது அவரது வழக்கமாயிற்று. முதற் பக்கத்தில் இருந்தது பாணைப்பற்றிய பழமொழி: பாண் இல்லாமையிலும் அரைப் பாண் மேல். ஜோன் ஹேவூட் 1546ஆம் ஆண்டில் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இது இடம்பெற்றுவிட்டது. 1973ஆம் ஆண்டளவில், விடியுமுன் எழுந்து பாண் வரிசையில் நின்றுவிட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு அதனை விளக்க அவர் ஒரு சொல்லும் மிகையாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரை இறாத்தற் பாணின் பெறுமதியை அவர்கள் ஆசிரியரிலும் நன்கறிவர். ஆயினும், பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, "சேர், இது பாண் வாங்கிறவர் சொல்லுறதோ, குடுக்கிறவர் சொல்லுறதோ?" என்று கேட்டாள். அந்நூல் முழுவதையும் புரட்டினாலும் இவ்வினாவுக்கு விடை கிடையாது. வாங்குபவர் சொன்னால் அது தேறுதல். கொடுப்பவர் சொன்னால், மற்றை அரைவாசி எங்கே என்று கேட்கவொட்டாமல் வாயை அடைக்கும் உபாயம். அரசியலரங்கிற் பங்கு கேட்போரும் பங்கு மறுப்போரும் இவ்வேறுபாட்டை நன்கறிவர். சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஜீ. ஜீ. பொன்னம்பலம் முன்வைத்து, ஆணைக்குழு ஏற்க மறுத்த கோரிக்கை ஐம்பதுக்கு ஐம்பது என்ற ஆங்கிலத் தொடராலேயே இன்றுவரை அறியப்படுகிறது. பெரும்பான்மையினருக்கு அரைவாசி, ஏனையோர் அனைவருக்கும் சேர்த்து அரைவாசி என்பது அதன் சாரம். ஒரு பக்கத்தார்க்கு அது சமநிலையாகவும் மறுபக்கத்தார்க்கு அநீதியாகவுந் தோன்றியது.

எல்லாப் பொருளும் பாண் போலப் பிட்கக் கூடியனவல்ல. பாதிக் கிணறு தாண்டியவன் என்ற தமிழ்வழக்கு அதனை அழகாகக் காட்டும். தாண்டாதவன் கரையில் நிற்கிறான். பாதி தாண்டியவனோ நீருள் கிடக்கிறான். அரை பூச்சியத்திலும் கீழானதாகும் இடம் இது. ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய உறவினதாகத் துவக்கிலிருந்து பிறந்த தொடர் ஒன்றுண்டு. பழைய துவக்குகளின் குதிரையை அரைவாசி இழுத்து நிறுத்தினால் விசையை அழுத்தினாலும் வெடியாது; அது காவலுக்கான நிலை. அந்நிலையிலிருந்தே தவறி வெடித்துவிடும் துவக்கைப் போல, ஆயத்தமின்றி அவசரப்பட்டுச் செயலில் இறங்குபவனை 'அரைக்குதிரையில் வெடித்தான்' என்பர். அரைவேக்காடு என்பது இரு மொழியிலும் ஒன்றாகவே இருப்பதைக் கண்டு ஒன்றிலிருந்து மற்றையது வந்ததெனத் துணிவோர் உளர். அடுப்பு எங்குமுண்டு, பொறுமையற்ற சமையற்காரரும் எங்குமுளர். அத்துணிபு வேண்டுவதன்று.

மணிக்கூட்டு வழக்கை விரைவிற் சொல்லிவிடலாம். ஆங்கிலேயர் பேச்சில் 'அரை ஏழு' என்றால் ஏழரை மணி. யேர்மானியர் மொழியில் அதே தொடர் ஏழை நோக்கி அரை வந்த ஆறரை மணியைக் குறிக்கும். இருவரும் சந்திக்க நாட்குறித்தால் ஒருவர் ஒரு மணித்தியாலம் காத்து நிற்கவேண்டியதுதான். துக்க தினங்களில் அரைக்கம்பத்திற் பறக்கும் கொடியும் உண்மையிற் கம்பத்தின் நடுவே நிற்பது அரிது. பிரித்தானிய அரசின் நெறிமுறை அதனை மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்குக் குறையாமல் ஏற்றுமாறு கூறுகிறது. அங்கும் அரை ஓர் உயரமன்று, ஒரு வணக்கம்.

கொப்பியில் அவர் தடித்த கோடிட்டு வைத்திருந்த தொடர் ஒன்று, ஒருவரை 'அரைப்பங்கு மிஞ்சிய கெட்டிக்காரர்' எனக் குத்திக்காட்டுவது. தன் கெட்டித்தனத்தாலேயே பிறர் நம்பிக்கையை இழப்பவன் என்பது அதன் பொருள். 1961 மார்ச்சில் பிரித்தானியப் பிரபுக்கள் சபையில், ஆபிரிக்க நாடுகளின் விடுதலையை விரைவுபடுத்திய குடியேற்ற நாட்டு அமைச்சர் அயன் மக்லியொட்டை நோக்கி சோல்ஸ்பரி பிரபு இத்தொடரையே வீசினார். தன் நாட்டு வெள்ளையரைக் கைவிட்டார் என்ற முழுக் குற்றச்சாட்டும் அதனுட் பொதிந்திருந்தது. பிரதமராகக்கூடியவர் என எண்ணப்பட்ட மக்லியொட் அவ்வடுவிலிருந்து முற்றாக மீளவில்லை என்று கருதுவோர் பலர். வசை நீளமாக இருக்கவேண்டுமென்பதில்லை.

ஆனால், அரை என்னுஞ் சொல் மாந்தரை நோக்கித் திரும்பும்போதே அதன் முழுக் கனமுந் தெரிகிறது. உலகின் ஒரு பாதி மறுபாதி வாழுமாற்றை அறியாது என்ற கருத்து ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கியது. பிரெஞ்சு எழுத்தாளர் ரபலே 1532ஆம் ஆண்டளவிலேயே அதனைக் கையாண்டுள்ளார். டென்மார்க்கிற் பிறந்து நியூயோர்க்கிற் பத்திரிகையாளராக இருந்த ஜேக்கப் ரீஸ், 'மறுபாதி வாழுமாறு' என்னும் பொருள்பட 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் தலைப்பும் அதுவே. நகரத்துச் சேரிமாடிகளின் இருண்ட அறைகளில் வெடிப்பொடி ஒளியைப் பாய்ச்சிப் படம் பிடித்தார் அவர். நகர மக்களில் நாலில் மூன்று பங்கினர் அத்தகைய குடியிருப்புகளில் வாழ்வதாக அவரே அந்நூலில் எழுதினார். முக்காற்பங்கினரே ஆங்கு 'மறுபாதி' ஆயினர். எஞ்சிய காற்பங்கினரே நூலை வாங்கி வாசிக்கக்கூடியவர்களாக இருந்தமையால் பாதி என்ற பெயரைப் பற்றி எவரும் கேள்வி எழுப்பவில்லை.

இன்னுமொரு சொல் உண்டு. அரைச்சாதி எனப் பெயர்க்கத்தக்க அச்சொல்லை ஆங்கிலேயர் தம் ஆட்சிப்பரப்பெங்கும் கலப்பினத்தாரைச் சுட்ட வழங்கினர். இன்றைய அகராதிகள் அதனைப் புண்படுத்துஞ் சொல்லெனக் குறிக்கின்றன. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் அது வசையளவில் நில்லாது சட்டமாயிற்று. அங்கே கொறண்டெர்க் என்னுமிடத்தில் 1863ஆம் ஆண்டில் அமைந்த ஆதிவாசிகளின் குடியிருப்பில், காடு வெட்டி, வீடு கட்டி, பியர் வடிப்பதற்குதவும் ஹொப் பயிர் செய்து மக்கள் வாழ்ந்தனர். குடியிருப்பை மூடிவிட நிருவாகம் முயன்றபோது அவர்கள் வாளாவிருக்கவில்லை. வில்லியம் பராக் என்ற தலைவரோடு கூடி மனு எழுதிக் கையொப்பமிட்டனர். 1881ஆம் ஆண்டில் விசாரணையொன்றும் நடைபெற்றது. தம் பக்கத்தைத் தாமே பேசினர். கலப்பினத்தார், கலப்பில்லாதார் என்ற பிரிவு அந்தக் கையொப்பங்களிடையே இருக்கவில்லை.

ஐந்தாண்டுகளின் பின், 1886ஆம் ஆண்டில் வந்த சட்டம் அப்பிரிவை உண்டாக்கிற்று. அரைச்சாதிச் சட்டம் என்றே அது வழங்கப்படுகிறது. முப்பத்துநான்கு வயதுக்குட்பட்ட கலப்பினத்தார் இனிமேல் ஆதிவாசிகளல்லர். ஆதலின், குடியிருப்பில் வாழும் உரிமையும் உதவியும் அவர்களுக்கில்லை. பாட்டன் ஒருவன் வெள்ளையனாயினும், தந்தை வெள்ளையனாயினும், சட்டத்தின் வாயில் எல்லோரும் 'அரை'யே. குருதியை அளந்தவர்கள்கூட அளவைப் பேணவில்லை. தாய் உள்ளேயும் மகன் வெளியேயுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. வெளியேற்றப்பட்டோரே வயலில் இறங்கி உழைக்கும் வலுவுள்ள இளைஞர். முதியோரும் நோயாளரும் எஞ்சிய நிலத்தை அவர்களால் பயன்படுத்த இயலாதெனக் காட்டுவது அதன்பின் கடினமாக இருக்கவில்லை. 1893ஆம் ஆண்டில் நிலத்தின் ஒரு பெரும்பகுதி பறிபோயிற்று. 1924ஆம் ஆண்டிற் குடியிருப்பு மூடப்பட்டது. வேறிடம் போக மறுத்த சில முதியோர் மாத்திரம் அங்கேயே இருந்தனர்.