மெலிய வைத்த குதிரையும் பந்தயப் பணமும்



நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் போட்டி நடத்திய செய்தியை ஸஹீஹுல் புகாரியில் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மெலிய வைத்துப் பயிற்றுவித்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஐந்தாறு மைல் தூரம். அவ்வாறு பயிற்றுவிக்கப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் மஸ்ஜித் வரை, ஏறத்தாழ ஒரு மைல்தான். இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்போட்டியில் கலந்து கொண்டார்கள்.

மெலிய வைக்கும் அம்முறைக்கு அரபியில் ‘தள்மீர்’ என்று பெயர். முதலில் குதிரையை நன்றாகக் கொழுக்க வைப்பார்கள். பின்னர் தீனியைக் குறைத்து, கொட்டிலில் கட்டி, போர்வை போர்த்தி வியர்க்க விடுவார்கள். சதை இறுகும், மூச்சு வலுப்படும். எடை மாறினால் ஓட்டமும் மாறும் என்பதை அறிந்து, உயிரினத்தின் சக்திக்கேற்பத் தூரத்தை வகுத்த நீதியை இதில் காண்கிறேன். இப்பாடத்தை மாணவர்களுக்கு நடத்துவது எனக்கு எப்போதும் விருப்பமானது.

நம் கடற்கரைக்கும் குதிரை அந்நியமன்று. பாண்டியர் காலத்தில் அரபு, பாரசீக வணிகர்கள் இப்பக்கத் துறைமுகங்களில் குதிரைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இங்கே அவற்றுக்குச் சோற்றுடன் இறைச்சியைச் சமைத்துக் கொடுத்ததாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அவை நெடுநாள் வாழவில்லை என்றும் சொல்கிறார்!

இந்தப் பாடத்தை என்னிடம் ஓதிய சிக்கல் மாணவர் ஒருவர், இப்போது பெங்களூரில் பணிபுரிபவர், விடுமுறையில் வந்தபோது கேட்டார்: “ஹஜ்ரத், நான் குருட்டுத்தனமாகப் பணம் கட்டுவதில்லை. குதிரையின் எடையைப் பார்த்துத்தான் கட்டுகிறேன். உச்ச நீதிமன்றமே இது திறமை என்று சொல்லிவிட்டதே?”

பந்தயக் குதிரை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ இருக்கும். ஒவ்வொன்றும் நன்றாக ஓடும் எடை வேறு. திடீரென இளைத்தால் நோயோ பயணக் களைப்போ இருக்கலாம். நீண்ட ஓய்வுக்குப் பின் பெருத்திருந்தால் பயிற்சி போதவில்லை எனலாம், ஆனால் இளங்குதிரையென்றால் அது வளர்ச்சியாகவும் இருக்கலாம் என்றெல்லாம் விளக்கினார். ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் போட்டிக்கு முன்பே குதிரையின் எடையை அறிவிக்கிறார்களாம். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அறிவிக்கப்பட்ட எடை எல்லோர் கண்ணிலும் படுகிறது. நல்ல குதிரை என்று பலர் நினைத்தால் அதற்குரிய பந்தய விகிதம் உடனே குறைந்துவிடும். நடத்துபவர் பங்கோ முதலிலேயே கழிந்துவிடுகிறது.

தீர்ப்பு பற்றியும் பேசினோம். தமிழக அரசு 1974இல் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் இயற்றியது. 1996இல் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. அது நாட்டுச் சட்டத்தின் கேள்விக்கு விடை. ஸூரா மாயிதாவின் 90ஆம் வசனம் மைஸிரை விலக்கும்போது எழும் கேள்வி வேறு: தோற்றவரின் பணம் வென்றவருக்குப் போகிறதா? திறமையுடன் வைத்தாலும் பந்தயப் பணம் அப்படித்தான் கைமாறுகிறது. ஓட்டப் போட்டிக்குப் பரிசு தர மார்க்கம் அனுமதிக்கிறது. ஆட்சியாளரோ போட்டியில் சேராத வேறொருவரோ தரலாம். அது ஓட்டுபவருக்கானது. இவரோ குதிரையைத் தொட்டதுகூட இல்லை.

அவர் கட்டிய பணம், தங்கையின் நிக்காஹ்வுக்கென அத்தா அவரிடம் கொடுத்து வைத்தது. அமானிதம். அதை முழுவதும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். வென்ற தொகையை என்ன செய்வது என்று கேட்டார். யாரிடமிருந்து வந்ததென்று தெரியாததால் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். அத்தாவிடம் எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் எங்களுக்கு நெடுநேரம் பிடித்தது. இஷாவுக்குப் பின் நானும் உடன் சென்றேன்.