நாலரை மணி அலாரம்

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளும் அலாரம் நாலரைக்கே அடித்தது. எழுந்து உட்கார்ந்தவளுக்கு, படிக்க எதுவும் இல்லை என்பது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

பிளஸ் டூ படித்த வருடம் முழுக்க ஒரு பட்டியல் வைத்திருந்தாள். பார்க்க வேண்டிய படங்கள், தையல் வகுப்பு, அத்தை வீடு. இப்போது செல்போன் கையிலேயே இருக்கிறது; எந்தப் படமும் பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆறு பாடம், 600 மதிப்பெண் என்று போட்டுக் கொடுத்த பாதையில் ஓடிய கால்களுக்கு, இனி எங்கே போவதென்று தெரியவில்லை. ரிசல்ட் மே மாதம்தான். அதற்குள் வருகிறவர்கள் எல்லாம் "அடுத்து என்ன?" என்கிறார்கள். பதிலுக்குக்கூட நிற்பதில்லை.

"இப்படி மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே கிடக்குறாளே" என்று அம்மா புலம்பினாள்.

ஒருநாள் அலாரம் அடித்தபோது அடுக்களையில் வெளிச்சம். பாட்டி வத்தலுக்குக் கூழ் கிளறிக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா? கரண்டியைப் பிடி, கை வலிக்குது."

விடிந்ததும் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து இருவரும் பிழிந்தார்கள். நாலாவது வரிசையில் அவள் சொன்னாள்: "பிசிக்ஸ்ல ஒரு அஞ்சு மார்க் கேள்விய விட்டுட்டேன் பாட்டி. யார்கிட்டயும் சொல்லல."

பாட்டி நிமிரவில்லை. "சரி. அந்த மூலையில ஒரு கல்லை வை, வேட்டி பறக்குது."