ஒரு வாரம் ரெஸ்ட்: பிரான்ஸ் கால்வாயில் ஒரு டாக்டர்

1/ "ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்க." 26 வருஷமா பேஷன்ட்ஸ்கிட்ட சொல்றேன். நான் எடுத்ததே இல்லை. போன செப்டம்பர்லதான் முதல் தடவை. அதுவும் பிரான்ஸ்ல, ஒரு படகுல. கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிஞ்சு இரண்டு வருஷம். அந்த நாட்கள்ல ரிப்போர்ட் பார்த்தேன், கீமோ டோஸ் சரிபார்த்தேன். பக்கத்துல உட்கார்ந்து பேசினது குறைவு. "எங்கயாவது போய் சும்மா உட்காரணுங்க"ன்னு அவங்க கேட்டாங்க. சேமிப்பை எடுத்தோம்.

3/ போனது தெற்கு பிரான்ஸின் கனால் டு மிடி. துலூஸ் நகரத்துல இருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கி.மீ. கால்வாய். பியர்-பால் ரிக்கே என்பவர் 1666ல தொடங்கினார், சொந்தப் பணத்தையும் கொட்டினார். 1681ல திறந்தப்போ அவர் இல்லை. முந்தின வருஷமே இறந்துட்டார். 1996ல இருந்து இது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

4/ எங்க படகு ஒரு காலத்துல சரக்கு ஏத்தினது, இப்போ மிதக்கும் ஹோட்டல். நாலு அறை, எட்டு விருந்தாளிகள். கேப்டன், சமையல்காரர், வழிகாட்டி உண்டு. ஒருத்தருக்கே சில ஆயிரம் யூரோ, மறைக்க ஒண்ணுமில்லை. மதியமும் ராத்திரியும் சீஸ், ஒயின். என் பேஷன்ட்ஸ் இந்த ட்வீட்டை மட்டும் படிக்க வேண்டாம்.

5/ கால்வாய்ல வேக வரம்பு மணிக்கு 8 கி.மீ. கரையில சைக்கிள்ல போறவங்க நம்மளை முந்திப் போவாங்க. முதல் இரண்டு நாள் நான் போனும் கையுமா இருந்தேன். வார்டுல என்ன, லேப் ரிசல்ட் என்னன்னு ஜூனியர்களை அரிச்செடுத்தேன்.

6/ மூணாவது நாள், பெசியே ஊர்கிட்ட ஃபோன்செரான் லாக்குகள். முன்னும் பின்னும் கதவு வச்ச தண்ணித் தொட்டிகள், படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து. ஒவ்வொண்ணா தண்ணி நிரம்ப நிரம்ப படகு 21 மீட்டருக்கு மேல ஏறுது. அவசரப்படுத்த யாராலயும் முடியாது. அங்கதான் போனை உள்ள வச்சேன்.

7/ அதுக்கு மேல 50 கி.மீ.க்கும் அதிகமா லாக்கே இல்லை. இரண்டு கரையிலும் பிளேன் மரங்கள், நடுநடுவே மொட்டையா வெட்டின இடங்கள். கேட்டா, 2006ல இங்க கண்டுபிடிச்ச ஒரு பூஞ்சை நோயாம். தண்ணி வழியாவும் பரவும். மொத்தம் 42,000 மரங்கள்ல பாதிக்கு மேல வெட்டியாச்சு. நோய் வந்த மரத்தைச் சுத்தி இருக்கிற நல்ல மரங்களையும் சேர்த்து வெட்டி எரிக்கிறாங்க.

8/ மனைவி மெதுவா சொன்னாங்க: "எனக்கும் அப்படித்தானே? நல்லா இருந்ததையும் சேர்த்து எடுத்தாங்க."

பழக்கதோஷம், நான் ஆரம்பிச்சேன்: "அது மார்ஜின், ஒரு செல் கூட மிச்சம்..."

"காரணம் எனக்குத் தெரியுங்க. நான் காரணம் கேட்கலை."

9/ வாயை மூடிக்கிட்டேன். அவங்க பேசினாங்க. முதல் தடவை கட்டைப் பிரிச்ச அன்னிக்கு கண்ணாடியைத் துணி போட்டு மூடினது, நான் ரவுண்ட்ஸ் போன பிறகு அழுதது. ஒரே வீட்ல இருந்தும் இரண்டு வருஷமா எனக்கு எதுவும் தெரியாது. சாயங்காலம் வரை பேசினாங்க. வெட்டின இடத்துல வேற வகை மரக்கன்றுகள் நட்டிருந்தாங்க. அதையும் அவங்கதான் காட்டினாங்க.

10/ போறவங்களுக்கு: படகுகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மாத்திரைகளும் பிரிஸ்கிரிப்ஷனும் கைப்பையில் இருக்கட்டும். நீண்ட விமானப் பயணத்துல அப்பப்போ எழுந்து நடங்க. லாக் ஓரக் கல் வழுக்கும், கவனம்.

11/ போக முடியாதவங்களுக்கு: இதுக்கு பிரான்ஸ் வேணும்னு இல்லை. நானே வீட்டு மொட்டை மாடியில செஞ்சிருக்கலாம், செய்யலை. சிகிச்சை முடிஞ்சவங்க வீட்ல இருந்தா, ரிப்போர்ட் நார்மல்னு சொல்லி எழுந்து போயிடாதீங்க. கொஞ்ச நேரம் உட்காருங்க, அவங்க பேசட்டும்.

மார்புல கட்டி தட்டுப்பட்டா தள்ளிப் போடாம டாக்டரைப் பாருங்க.