நாலு போட்டு நடுவுல கோத்து வுடு

மக்களே, கொஞ்ச நாளா இந்தப் பக்கத்துல ஒரே படமா போட்டுத் தள்ளிக்கிட்டு இருந்தேன். சுழிக்குள்ள சுழி, இலைக்குள்ள இலை, தீ எரியற மாதிரி ஏதோ ஒண்ணு. பார்த்தவங்க கிட்டேயிருந்து ரெண்டு கேள்வி வந்துச்சு. ஒண்ணு, "இதெல்லாம் எப்படிங்க பண்றீங்க?" இன்னொண்ணு கொஞ்சம் குத்தலானது: "பட்டனைத் தட்டினா சாஃப்ட்வேரே போட்டுத் தருது. இதுல உங்க வேலை என்ன?" ரெண்டுக்கும் சேர்த்து இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், டீயைப் போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க :-)

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எனக்கு ஊர் பேரணாம்பட்டு. 2019-ல வேலூர் மாவட்டத்தை மூணாப் பிரிச்சப்போ ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு. நாங்க வேலூர்லயே தங்கிட்டோம். எல்லையைத் தாண்டினா ஆந்திரா. ஊர்ல பாதிப் பேருக்கு தோல் ஷாப்பு, மீதிப் பேருக்கு ஷூ கம்பெனி. நான் ரெண்டாவது ரகம். ஷூவோட மேல்பாகத்துக்கு, எங்க பாஷையில 'அப்பர்', கம்ப்யூட்டர்ல பேட்டர்ன் போடற வேலை. அதனால படம் எடிட் பண்ற சாஃப்ட்வேர் எல்லாம் பழக்கமாயிடுச்சு. ராத்திரி வீட்டுக்கு வந்து பண்றதுதான் இந்தப் படங்கள்.

முதல்ல 'எப்படி'ங்கிற கேள்வி.

வெட்டினது போக மீந்த ஒரு தோல் துண்டை ஸ்கேன் பண்ணிக்குங்க. சுருக்கம் விழுந்த தோலா இருந்தா இன்னும் நல்லது. ஃபோட்டோஷாப்ல அதைத் தனி லேயரா வெச்சு கண்ட்ரோல், ஆல்ட், டி மூணையும் சேர்த்து அழுத்துங்க. சுழற்சியோட மையத்தைக் காட்டற ஒரு குட்டி வட்டம் இருக்கும். புது வெர்ஷன்கள்ல அது மறைஞ்சிருக்கும், மேல இருக்கிற பட்டையில டிக் பண்ணினா வரும். அதை இழுத்து துண்டுக்கு வெளியே வெச்சிடுங்க. அளவு 90 சதவீதம், சாய்வு 15 டிகிரி, என்ட்டர். அப்புறம் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூணையும் பிடிச்சுக்கிட்டு டி-யைத் தட்டிக்கிட்டே இருங்க. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நகல், கொஞ்சம் சிறுசா, கொஞ்சம் திரும்பி வந்து உக்காரும். 24 தட்டுல ஒரு முழுச் சுற்று முடிஞ்சிடும். அப்போ கடைசித் துண்டு முதல் துண்டுல வெறும் 8 சதவீதம்தான் இருக்கும். நத்தை ஓடு மாதிரி ஒரு சுழி ரெடி.

ஆனா இது பார்க்கத்தான் ஃப்ராக்டல் மாதிரி. அசல் ஃப்ராக்டல்னா ஒரு துண்டு ஒரே ஒரு நகலை ஈன்றா போதாது, ஒண்ணு பலதாகணும், ஒவ்வொண்ணுக்குள்ளயும் முழுசும் திரும்ப இருக்கணும். இந்தப் பேரை 1975-ல வெச்சவர் பெனுவா மாண்டல்பிராட். 'உடைஞ்சது'ங்கிற அர்த்தம் வர்ற லத்தீன் சொல்லுலேர்ந்து எடுத்தார்.

அசலையும் லேயரை வெச்சே பண்ணலாம். இதை மட்டும் கட்டாயம் ஒரு தடவை வீட்ல பண்ணிப் பாருங்க. 1024 பிக்ஸலுக்கு ஒரு சதுரப் படம் எடுத்துக்குங்க. அதைப் பாதியாச் சுருக்குங்க. மூணு நகல் எடுங்க. கீழே ரெண்டு, மேலே நடுவுல ஒண்ணு. மூணையும் ஒரே லேயரா இணைச்சிடுங்க. இப்போ வந்த படத்தை மறுபடி பாதியாச் சுருக்கி, மூணு நகல், அடுக்கு, இணை. எட்டுத் தடவை இதையே பண்ணுங்க. 6,561 குட்டி நகல் ஆயிடும், ஒவ்வொண்ணும் 4 பிக்ஸல் அகலம். தள்ளி நின்னு பார்த்தா முக்கோணத்துக்குள்ள முக்கோணம். 1915-ல போலந்துக் கணித மேதை சியர்பின்ஸ்கி எழுதி வெச்ச உருவம் இதுதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, நீங்க எந்தப் படத்தை வெச்சு ஆரம்பிச்சாலும் முடிவுல அதே முக்கோணம்தான் வரும். நான் தோல் துண்டை வெச்சுப் பார்த்தேன். செருப்பு ஃபோட்டோவை வெச்சுப் பார்த்தேன். ரேஷன் கார்டை ஸ்கேன் பண்ணிக்கூட பார்த்தாச்சு. எட்டாவது தடவையில எல்லாம் ஒண்ணுதான். ஹட்சின்சன்னு ஒரு கணித அறிஞர் 1981-ல இதை நிரூபிச்சிருக்கார். படம் எதுங்கறது முக்கியமில்லை, எந்த விதியைத் திரும்பத் திரும்பப் போடறோம்கறதுதான் கடைசி உருவத்தைத் தீர்மானிக்குது. மைக்கேல் பார்ன்ஸ்லி 1988-ல வந்த புத்தகத்துல நாலே நாலு விதியில ஒரு பெரணிச் செடியையே வரைஞ்சு காட்டினார்.

இவ்வளவு கை நோக வேண்டாம்னா கிம்ப் இருக்கு, காசு கிடையாது. அதுல ஃப்ராக்டலுக்குன்னே தனி ஃபில்டர்கள் உண்டு. மாண்டல்பிராட், ஜூலியா, சியர்பின்ஸ்கின்னு ரகம் வாரியா ஒண்ணு. சுருக்கி அடுக்கற விதியை நாமளே இழுத்து இழுத்து அமைக்க இன்னொண்ணு. தீக்கொழுந்து மாதிரி வர்றதுக்கு வேற ஒண்ணு, அது ஸ்காட் டிரேவ்ஸ் 1992-ல கண்டுபிடிச்ச வழி. மாண்டல்பிராட் படத்துக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு ஒரு வரிதான். ஒரு எண்ணை அதாலேயே பெருக்கு, இன்னொரு எண்ணைக் கூட்டு, வந்த விடையை மறுபடி அதே மாதிரி பண்ணு. அது கட்டுக்குள்ளேயே நின்னா கறுப்பு, கட்டுமீறி ஓடிட்டா எவ்வளவு வேகமா ஓடுதோ அதுக்கேத்த கலர். 1980-ல ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்துல மாண்டல்பிராட் இதை அச்சடிச்சுப் பார்த்தப்போ கறுப்பு வெள்ளையில மங்கலாத்தான் வந்துச்சு. இன்னிக்கு நம்ம வீட்டு லேப்டாப் அதைக் கண் இமைக்கிற நேரத்துல கலர்ல போட்டுடும்.

சரி, ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். இதுல என் வேலை என்ன? இதுக்குப் பதில் எனக்கு அம்மா கிட்டேயிருந்துதான் கிடைச்சுது.

அம்மா படிச்சது அஞ்சாவது வரைக்கும். ஊர்லயே ஒரு ஷூ கம்பெனியில அப்பர் தையல்ல 22 வருஷம். காலையில வேன் வந்துடும். அதுக்குள்ள சமைச்சு, டப்பா கட்டி, வாசல் தெளிச்சு, கோலமும் போட்டாகணும். மார்கழியில எங்க தெருவுல அம்மா போடற சிக்குக் கோலத்தைப் பார்க்கவே ஆளுங்க நிப்பாங்க. பக்கத்து வீட்டு பாயம்மா ரம்ஜானுக்கு மருதாணி வெக்கறப்போ அம்மா கோலத்துலேர்ந்து ஒரு வளைவை எடுத்து உள்ளங்கையில போட்டுக்குவாங்க. இப்போ அம்மாவுக்கு சர்க்கரை கண்ணைப் பிடிச்சிடுச்சு. ஓரத்துல தெரியுது, நடுவுல மங்கல். புள்ளி தெரியாம கோலம் போட முடியாதில்லையா? மூணு வருஷமா வாசல் வெறும் தண்ணியோட சரி.

போன பொங்கல் சமயம் அம்மாவோட பழைய கோல நோட்டை எடுத்து ஸ்கேன் பண்ணி வெச்சுடலாம்னு உக்காந்தேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில்ல போட்டது, பாதி மங்கிப் போயிடுச்சு. புரட்டிக்கிட்டே வர்றேன், எல்லாமே சின்னச் சின்னக் கோலம். தெருவை அடைச்சுப் போடுவாங்களே, அந்தப் பெருசு ஒண்ணுகூட இல்லை.

"பெருசெல்லாம் எங்கம்மா?"

"பெருச இன்னாத்துக்குடா எழுதி வெக்கணும்? சின்னது தெரிஞ்சா பெருசு தானா வந்துடும்."

"எப்படி வரும்?"

"நாலு போட்டு நடுவுல கோத்து வுடு. அது ஒண்ணாயிடும். அந்த ஒண்ண மறுபடி நாலு போடு. வாசல் எம்மாம் பெருசோ அம்மாம் பெருசு போட்டுக்கினே போ."

ஹட்சின்சனும் பார்ன்ஸ்லியும் சமையக்கட்டுல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு எனக்கு.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். இதை நம்ம ஊர்க்காரங்க 50 வருஷத்துக்கு முன்னாடியே கவனிச்சு எழுதியிருக்காங்க. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவங்களோட கமலா கிருத்திவாசன், மூணு பேரும் சேர்ந்து 1974-ல 'அரே கிராமர்ஸ் அண்ட் கோலம்'னு ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. பேச்சுக்கு இலக்கணம் இருக்கிற மாதிரி கோலத்துக்கும் இலக்கணம் உண்டு, கொஞ்சம் விதியை வெச்சுக்கிட்டு அளவில்லாத கோலங்களை உருவாக்கலாம்னு கணினி அறிவியல் பாஷையில காட்டினாங்க. அதுக்கு முன்னாடி 1968-ல லிண்டன்மாயர்ங்கிற உயிரியல் அறிஞர், செடி எப்படிக் கிளை விடுதுன்னு சொல்ல ஒரு விதிமுறை வகுத்திருந்தார். 1980-கள்ல புருசின்கிவிச்ங்கிறவர் அந்த விதிமுறையை வெச்சு கம்ப்யூட்டர்ல செடியும் வரைஞ்சார், ஃப்ராக்டலும் வரைஞ்சார், நம்ம கோலத்தையும் வரைஞ்சார். 'கிருஷ்ணனின் கொலுசுகள்'னு அர்த்தம் வர்ற பேர்ல ஆங்கிலத்துல ஒரு கோலத்தைக் குறிப்பிடுறாங்க. அது வளர்ற விதம் அப்படியே அம்மா சொன்னது: ஒண்ணு, நாலு, பதினாறு, அறுபத்தி நாலு. சியர்பின்ஸ்கி பேர்ல இருக்கிற ஒரு வளைகோட்டுக்கும் அதே வளர்ச்சிதான்.

கோலம் மட்டும்னு இல்லை. ஈரான்ல இஸ்ஃபஹான் நகரத்துல தர்ப்-இ-இமாம்னு ஒரு தர்கா, 1453-ல கட்டினது. அதோட ஓட்டு வேலைப்பாட்டுல பெரிய வடிவம் ஒவ்வொண்ணும் அதே வகைச் சின்ன வடிவங்களாப் பிரிஞ்சிருக்குன்னு பீட்டர் லூவும் பால் ஸ்டைன்ஹார்ட்டும் 2007-ல 'சயின்ஸ்' இதழ்ல எழுதினாங்க. நான் இதைச் சொன்னப்போ பாயம்மா ஆச்சரியப்படவே இல்லை. "கை சின்னதுன்னா சின்னதாப் பிரிச்சுக்கறோம், சுவரு பெருசுன்னா பெருசு, அவ்ளோதானேப்பா"ன்னுட்டாங்க :-)

இதான் என் பதில். சாஃப்ட்வேர் போட்டுத் தர்றது திரும்பத் திரும்பப் பண்ற வேலையை மட்டும். அது அலுக்காம ஆறாயிரம் தடவை பண்ணும். எதைத் திரும்பப் பண்ணணும்னு அதுக்குத் தெரியாது. 15 டிகிரிக்குப் பதிலா 17 வெச்சா என்ன ஆகும், எந்த இடத்துல நிறுத்தணும், எந்த மூலையைப் பெரிசு பண்ணிப் பார்க்கணும், எந்தக் கலர் தோலுக்குப் பொருந்தும், அதெல்லாம் ஆள் வேலை. அம்மாவோட கோலப்பொடியும் தானா விதி சொல்லிக் கொடுக்கலையே!

அதனால நோட்டை ஸ்கேன் பண்ணி முடிச்சதோட நிறுத்தலை. இப்போ ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அம்மாவும் நானும் உக்காந்து விதிகளை எழுதிக்கிட்டு இருக்கோம். கிம்ப்ல கறுப்புப் பின்னணி, மஞ்சள்ல விரல் தண்டிக்குக் கோடு. அம்மாவுக்கு அவ்வளவு தெரியும், தலையைக் கொஞ்சம் சாய்ச்சு ஓரக் கண்ணால பார்ப்பாங்க. அவங்க சொல்லச் சொல்ல நான் பாதையா வரைஞ்சு, நகல் எடுத்து, நாலாக்கி, கோத்துக் காட்டுவேன். முதல்ல மாண்டல்பிராட் படத்தைத்தான் காட்டினேன். "அழகாத்தான் கீது, ஆனா புள்ளியே இல்லையே, எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறது?"ன்னு கேட்டாங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னு சொல்ல முடியாத ஒண்ணு அவங்க கணக்குல கோலமே இல்லை.

இதுவரைக்கும் 11 விதி எழுதியாச்சு. சிலது சுலபம், வாயாலயே சொல்லிடறாங்க. சிலது சொல்ல வரமாட்டேங்குது. "கை வெச்சா போட்டுடுவேன்டா, சொல்லத் தெரியல"ம்பாங்க. அப்போ என் உள்ளங்கையை நீட்டிடுவேன். அதுல விரலால போட்டுக் காட்டுவாங்க, நான் இன்னொரு கையால மவுஸைப் பிடிச்சு அதே மாதிரி போவேன். ரெண்டு கோலம் கையிலயும் வரலை. "மறந்து போச்சு, வுடு"ன்னு எழுந்து போயிட்டாங்க. தெருவே நின்னு பார்த்த கோலம் அந்த ரெண்டும். யாராவது ஃபோட்டோ எடுத்திருப்பாங்களான்னு தெருவுல கேட்டுக்கிட்டிருக்கேன். ஃபோட்டோ கிடைச்சாலும் பின்னாலேர்ந்து விதியைக் கண்டுபிடிக்கணும், அது லேசு இல்லை.

எழுதினதுல முதல் விதியை இங்கேயே தர்றேன். யார் வேணா போட்டுப் பாருங்க:

ஒரே கம்பியில, ஆரம்பிச்ச இடத்துலயே முடியற மாதிரி ஒரு சின்னச் சிக்கு போடுங்க. அதே மாதிரி நாலு, ரெண்டுக்கு ரெண்டா பக்கத்துப் பக்கத்துல. நாலும் நடுவுல சந்திக்கிற இடத்துல ஆளுக்கொரு மூலை இருக்கும். அந்த நாலு மூலையையும் வெட்டுங்க, எட்டு முனை வரும். ஒரு சிக்கோட முனையை அடுத்த சிக்கோட முனையில சேருங்க. நாலு இணைப்பு. இப்போ நாலும் ஒரே கம்பி. இதையே ஒண்ணா வெச்சுக்கிட்டு மறுபடி முதல்லேர்ந்து.

உங்க வீட்லயும் அம்மாவோ பாட்டியோ அத்தையோ இருப்பாங்க. கோலத்தை ஃபோட்டோ எடுத்து வெச்சுக்குங்க, நல்லதுதான். ஆனா பக்கத்துல உக்காந்து "இதை எப்படிப் பெருசாக்கறது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவங்க சொல்றதை அவங்க பாஷையிலயே எழுதி வெச்சுக்குங்க. எழுதினீங்கன்னா எனக்கும் சொல்லுங்க, அம்மாகிட்ட படிச்சுக் காட்டணும்.

டிஸ்கி: மேல சொன்ன விதியில அம்மா ஒரு திருத்தம் போடச் சொன்னாங்க. "மூலைய வெட்டறதுன்னு எழுதாதடா, கோலத்துல வெட்டறதுன்னு சொல்லக்கூடாது. பிரிச்சு வுடறதுன்னு எழுது." அப்படியே வாசிச்சுக்குங்க :-)