மலைநாட்டில் ஒரு கடல் வலை

கண்டி மாநகரை விட்டுப் புறப்பட்டு, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து வடக்கே செல்லும் பெருந்தெரு, அக்குறணைக் கடைத்தெருவினூடே சென்று, மாத்தளையை அடையுமுன் அலவத்துகொட என்னும் ஊரைத் தொடுகின்றது. கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையே ஏறத்தாழ 16 மைல். அவ்வழி முழுவதும் கமுகும் பலாவும் நிழல் பரப்ப, அவற்றைப் பற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளும், கராம்பு, சாதிக்காய் மரங்களும் கண்ணுக்கு விருந்தாகின்றன. எத்திசையில் நோக்கினும் கடல் வெகுதூரம். அத்தகைய ஊரிலே கடலின் பொருளொன்றைக் கண்டு நாம் வியப்புற்று நின்றோம்.

தெருவை விட்டுச் சற்று மேலேறிய ஒழுங்கையில், ஒரு மரக்கறித் தோட்டத்தைச் சுற்றி வேலியாகக் கட்டப்பட்டிருந்தது பழைய மீன்வலை. பச்சை நிறம் மங்கி வெளிறிப்போயிருந்தது. "கடல் வலை மலைக்கு வந்தது எப்படி, நானா?" என்று தோட்டத்துக்காரரை வினவினோம். "மீன் லொறிக்காரர் கொண்டுவந்து தந்தது, தம்பிமாரே. கோழியிடமிருந்து பயிரைக் காக்க இது போதும். நாலு மழைக்கும் உக்காது" என்றார் அவர்.

"உக்காது" என்ற அந்த ஒரு சொல்லில் வலையின் பெருமையும் சிறுமையும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.

நம் முன்னோர் பருத்தி நூலாலும் சணலாலும் வலை பின்னினர். மரப்பட்டைச் சாற்றிலே தோய்த்துக் காயவைத்து அதன் ஆயுளை நீட்டினர். ஆயினும் அது சில காலத்தில் நைந்து மண்ணோடு மண்ணாயிற்று. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நைலோன் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னர் வந்த சில பத்தாண்டுகளில் செயற்கை இழை உலகக் கடற்கரைகள் அனைத்தையும் வென்றுவிட்டது. யாழ்ப்பாணம் குருநகரில் சீநோர் வலைத் தொழிற்சாலை இயங்கிய காலத்தை நம் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். மீனவர் உழைப்பு குறைந்தது. பிடிபடும் மீன் பெருகியது. ஆனால் அறுந்து கடலில் வீழ்ந்த வலையோ, ஆளில்லாமலே ஆமையையும் மீனையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கிறது. கரையில் எரித்தால் நச்சுப் புகை; புதைத்தால் பல தலைமுறைக்கும் அழியாக் குப்பை.

இவ்வாறு அழியாத பொருளை என் செய்வது? விடைக்கு அலவத்துகொடவின் பழைய வீடுகளையே உற்று நோக்கலாம். மலைநாட்டுக் கிராமங்களில் மரக் கம்புகளை நாட்டி, குறுக்கே வரிச்சுப் பிடித்து, குழைத்த மண்ணை அப்பிச் சுவர் எழுப்பும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நாம் வரிச்சு என்பதைச் சிங்கள மக்கள் வரிச்சி என்பர். வீடு கட்டும் கலையில் இரு மொழியும் ஒரு சொல்லையே பகிர்ந்துகொண்டுள்ளன. மண்ணைக் குழைக்கையில் வைக்கோலை நறுக்கிச் சேர்ப்பதும் உண்டு. ஏனெனில் ஈரமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். நார் அவ்வெடிப்பின் இரு கரைகளையும் பிடித்து நிறுத்தும்.

இதே தத்துவத்தையே டென்மார்க் நாட்டின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் பழைய மீன்வலைகளைக் கொண்டு ஆராய்ந்தனர். அந்நாட்டின் லெம்விக் நகரில் வலைகளைச் சேர்த்துக் கழுவி மறுபயனாக்கும் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. வலையின் இழைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சீமெந்துச் சாந்திலும், சுடாத மண்கல்லிலும் கலந்து சோதித்தனர். அவர்கள் கண்ட முடிவு அடக்கமானது, ஆதலால் நம்பத்தக்கது. இழை சேர்ந்ததனால் சாந்தின் பாரந்தாங்கும் வலிமை பெருகிவிடவில்லை. ஆனால் ஈரம் உலரும்போது தோன்றும் வெடிப்புகள் குறைந்தன. வெடித்த பின்னரும் சாந்து சட்டென உடைந்து வீழாமல் இழைகள் பற்றி நிறுத்தின. ஆகவே இரும்புக் கம்பிக்கு மாற்றாக வலையைக் கருதுதல் கூடாது. பூச்சுக்கும் தரைக்கும் மண்கல்லுக்கும் அது நல்ல துணை எனலாம்.

வேறு சில நிபந்தனைகளும் உள. வலையைச் சாந்தில் சேர்க்குமுன் ஈயக்குண்டுகளை அகற்ற வேண்டும். கடல் உப்பை நன்றாகக் கழுவ வேண்டும். எஞ்சிய உப்பு அருகிலுள்ள இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். வெயிலில் கிடக்கும் வலை நாளடைவில் நொறுங்கித் துகளாகி மண்ணிலும் நீரிலும் கலக்கும். நாம் கண்ட வேலியின் வெளிறிய நிறம் அதன் தொடக்கமே. சுவரினுள்ளே அடைபட்ட இழைக்கு வெயில் எட்டாது. எனினும், அச்சுவரை என்றோ ஒருநாள் இடிக்கும்போது இடிபாட்டோடு இழையும் வெளிவரும் என்பதை மறத்தலாகாது.

மலைச்சரிவில் வாழ்வோருக்கு வீட்டுச் சுவரைப் பற்றிய பேச்சு வெறும் பொழுதுபோக்கன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் பேரிழப்பை அடைந்தது. அலவத்துகொடப் பகுதியும் அத்துயரிற் பங்குகொண்டது. சரியும் மலையை எச்சுவரும் தடுக்காது. எந்த இழையும் தடுக்காது. எங்கே வீடு கட்டலாகாது என்பதே அங்கு முதற் கேள்வி. பாதுகாப்பான நிலம் தெரிந்தெடுக்கப்பட்ட பின்னரே எதைக் கொண்டு கட்டுவது என்ற கேள்வி எழும்.

மலைச்சரிவின் மேல்மண்ணை மழை அரித்துச் செல்லாது காக்கவும் ஒருவகை வலை உண்டு. அது தென்னந்தும்பினால் பின்னப்படுவது. புல்லும் செடியும் வேரூன்றும் வரை சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்திருந்து, பின்னர் தானும் உக்கி அம்மண்ணுக்கே எருவாகிவிடும். அங்கே நைலோன் வலையை விரித்தால் அது உக்காது. துகளாகி நீரோடையில் இறங்கும். அவ்வோடை நீர் மகாவலியை அடையும்; மகாவலி கடலை அடையும். கடலிலிருந்து எடுத்ததைக் கடலுக்கே கேடாகத் திருப்பிக் கொடுத்தவர்களாவோம்.

ஆகவே உக்கவேண்டிய நார் மண்ணுக்கு. உக்காத நார் சுவருக்கு. இந்தப் பகுத்தறிவே இங்கு வேண்டப்படுவது. நம் நாட்டில் மண்சரிவையும் கட்டடப் பொருளையும் ஒருங்கே ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கண்டிக்கு அருகே பேராதனையில் பொறியியற் பீடமும் இருக்கிறது. வலையோ கரையெங்கும் குவிந்து கிடக்கிறது. யாழ்ப்பாணத்துக் கடற்கரையையும் கண்டி மலையையும் இணைக்கும் 200 மைல் தெருவும் நம் கண்முன் நீண்டு கிடக்கிறது. நம் மழையிலும் நம் மண்ணிலும் இதைச் சோதித்துப் பார்க்கும் பணி, இன்று பள்ளியில் பயிலும் மாணவச் செல்வங்களுக்காகக் காத்திருக்கிறது.